மலைக்கு அந்தாண்ட வெயில்

ஸ்டெல்லா, ஜோசப், நீங்கள் கேட்ட செஞ்சிக் கோட்டையை நான் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போகிற போக்கில்தான் பார்த்தேன். ஏன் ஏறவில்லை என்பதைச் சொல்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். மதியம் மூன்று மணிக்கு பஸ் ஏறினேன். அறுவடைக் காலம். நெல் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. பஸ் நகர்வேனா என்றது. எனக்கோ பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"யாரு வீட்டுக்குண்ணா இவ்ளோ அவசரம்?" என்றார் கண்டக்டர்.

"மைக் செட் ஜினதாஸ் வீட்டுக்கு."

"அவரு வீட்டுக்கா! எங் கல்யாணத்துக்கு அவருதான் மைக்கு. இன்னிக்கும் எம் பொண்டாட்டி அந்தக் குரலுக்குத்தான் பயப்புடுவா, எனக்கில்ல."

செஞ்சியில் கோட்டை ராஜாவுக்கு அடுத்தபடி எல்லோருக்கும் தெரிந்த பெயர் அவனுடையதுதான். கல்யாணம், திருவிழா, நம் மாதா கோயில் தேர் எல்லாவற்றிலும் அவன் குரல்தான் கேட்கும். அந்தக் காலத்தில் அவனுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவன் உங்கள் நைனாவான நான்தான். இப்போது அவனுக்குத் தொண்டையில் புற்று. இனி வைத்தியம் இல்லை, முடிந்ததைச் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அதையும் நிறுத்திவிட்டான். "நீங்க கூட உக்காந்தா ஒரு வாய் சாப்புடுவாருண்ணா" என்று அவன் மனைவி பத்மா போனில் அழுததால்தான் கிளம்பினேன்.

நான் போய்ச் சேரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ராஜகிரி மலையின் நிழல் அவன் தெருவை மூடிக்கொண்டிருந்தது. ஜினதாஸ் கட்டிலில் பாதி ஆளாக உட்கார்ந்திருந்தான். பருப்புக் கஞ்சி ஆறிக் கிடந்தது. அவர்கள் சமணர்கள். பொழுது இறங்கினால் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். விரலை ஜன்னல் பக்கம் நீட்டி, "போயிடுச்சுடா" என்றான். காற்றுதான் வந்தது. ஊரையே கூப்பிட்ட குரல் அது.

"முன்னல்லாம் ஆறு மணி வரைக்கும் சாப்புடுவாருண்ணா. இப்ப ஒரு மாசமா மலை மறைச்சாலே பொழுது போச்சுன்றாரு. காலையில கேட்டா வயிறு எரியுதுன்றாரு" என்றாள் பத்மா.

எனக்குக் கோபம் வந்தது. "மலைக்கு அந்தாண்ட வெயில் இருக்குதுடா, எழுந்திரு!" என்று அவனைத் தூக்கினேன். கஞ்சியைச் சுடவைத்துத் தூக்குவாளியில் ஊற்றினாள் பத்மா. வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏறுங்கண்ணா. சூரியனா நம்ம வண்டியான்னு பாத்துடலாம்."

திருவண்ணாமலை சாலையில் இரண்டு மலைகளுக்கும் நடுவே ஆட்டோ பறந்தது. கோட்டை மதில் ஓடி மறைந்தது. வளைவு திரும்பியதும் முகத்தில் வெயில் அடித்தது. மஞ்சள் மஞ்சளாக, வயல் முழுக்க வெயில். "ஜெயிச்சிட்டோம்!" என்று ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பத்மாகூடச் சிரித்துவிட்டாள்.

ஜினதாஸ் கஞ்சியை வாயில் வைத்தான். கண் பிதுங்கியது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, பாதி இறங்கி, பாதி சட்டையில் வழிந்தது. இன்னொரு வாய் வைத்தான். அது இறங்கவே இல்லை. பத்மா முந்தானையால் துடைத்தாள்.

வெயில் இன்னும் இருந்தது. இனி சாக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்குத் தொண்டையில் வழியே இல்லை. அது பத்மாவுக்குத் தெரியக்கூடாது என்று மலையைச் சாக்காக வைத்திருந்தான். நான்தான் அவனை அந்த மலையைத் தாண்டி இழுத்து வந்தேன்.

அவனே தூக்குவாளியை மூடினான். கையை மைக் பிடிப்பது போல வாயருகே வைத்து, "இத்துடன் நிகழ்ச்சி முடிவடைகிறது" என்றான். பத்மா அவன் வாயைப் பொத்தினாள்.

திரும்பி வந்து வாசலில் இறக்கிவிடும்போது ஆட்டோக்காரர், "நாளைக்கும் வரட்டுமாம்மா?" என்று கேட்டார். பத்மா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நம் ஊரில் மலை கிடையாது, பிள்ளைகளே. வயல் முடிகிற இடம் வரைக்கும் வெளிச்சம்தான். எல்லாம் கண்ணுக்குத் தெரிவது நல்லது என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.