டிபன் கேரியரோடு இறங்கியவள்

சபரில் இருக்கும் ஆளுக்குக் கெட்ட சேதி எழுதக் கூடாது. காரைக்காலில் எங்களைப் போன்ற வீடுகளில் இது எழுதாத சட்டம். கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போனவரைச் சபராளி என்போம். மாமிக்குக் காய்ச்சல் என்றால், ‘மாமி நன்றாக ஓய்வெடுக்கிறார்கள்’ என்று எழுத வேண்டும். மழையில் கொல்லைச் சுவர் விழுந்தால், ‘கொல்லைப் பக்கம் இப்போது நல்ல காற்று வருகிறது.’ கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே மாமியிடமிருந்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். அதைக் கொஞ்சம் கூடுதலாகவே கற்றுக்கொண்டதுதான் வினை.

என் கணவர் முதன்முதலாகத் துபாய்க்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கார் வரும்வரை இருவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ வெளிநாட்டு விஞ்ஞானத் தொடர். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை என்பதால் நான் அர்த்தம் சொன்னேன். எங்கோ ஒரு கிரகத்தில், விண்கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கை ஒருவன் தன்னந்தனியாகக் காவல் காக்கிறான். வருடக்கணக்கில் காத்திருந்தவனை அழைத்துப் போக ஒரு கப்பல் வந்து இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் அழுதுகொண்டே மீதியைப் பார்த்தேன். கப்பலின் கதவு திறக்கிறது, உள்ளே ஆளே இல்லை. ஓர் இயந்திரம் மட்டும் பேசுகிறது: பூமியில் முந்நூறு வருடம் ஓடிவிட்டது, உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அவன் திரும்பி நடந்து போய் விளக்கை ஏற்றுகிறான். அவ்வளவுதான் கதை.

அவருடைய முதல் கடிதத்தில், வீட்டு விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, கடைசி வரியில் கேட்டிருந்தார்: ‘அந்த ஆள் ஊர் போய்ச் சேர்ந்தானா?’

உள்ளதை எழுத எனக்கென்ன பைத்தியமா? முடிவை மாற்றினேன். கதவு திறந்ததும் அவனுடைய பெண்டாட்டியே இறங்கி வந்தாள் என்று எழுதினேன். வயதாகாமலிருக்க இத்தனை காலமும் பனிக்கட்டிக்குள் தூங்கினாள் என்றும் ஒரு விஞ்ஞானத்தைச் சேர்த்தேன். அத்தோடு விட்டேனா? அவள் கையில் ஒரு டிபன் கேரியரையும் கொடுத்தேன்.

கேரியரில் என்ன இருந்தது என்று அடுத்த கடிதத்தில் கேட்டிருந்தார். ‘அதைக் காட்டவில்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!’ என்று எழுதிச் சமாளித்தேன்.

அந்தக் கதை துபாயில் அவர் தங்கியிருந்த அறை முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் வட்டமாக உட்கார்ந்து கேரியரில் என்ன இருந்திருக்கும் என்று சண்டை போடுவார்களாம். பட்டினச்சேரிக்காரர் மீன் குழம்பு என்பார். விழிதியூர்க்காரர் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் என்பார். இவர் எங்கள் வீட்டு ஆட்டுக்கறிக் குழம்பான கறியாணம் என்று அடித்துச் சொல்வாராம்.

போன வருடம் மூட்டை கட்டிக்கொண்டு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். வந்தவர் யூடியூபில் தேடித் தேடி அந்த எபிசோடைக் கண்டுபிடித்துவிட்டார். முன்பே ஊர் திரும்பியிருந்த அந்த அறைக்கூட்டாளிகள் இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் அழைத்துவிட்டார். என் கடிதங்கள் அத்தனையையும் பெட்டியில் கட்டி வைத்திருக்கும் மனிதர் அவர். ஒரு கடிதம் பொய் என்று தெரிந்தால் மற்றவற்றை இனி எந்த முகத்தோடு பிரித்துப் படிப்பார்? பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டே, இன்றைக்குப் பார்த்து இந்த மின்சாரம் போகக் கூடாதா என்று வேண்டினேன். போகவில்லை.

சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். கப்பல் இறங்கியது. “இப்ப பாருங்க, இப்ப வருவா” என்றார் இவர். கதவு திறந்தது. இயந்திரம் பேசியது. அவன் நடந்து போய் விளக்கை ஏற்றினான்.

முதலில் வாயைத் திறந்தவர் பட்டினச்சேரிக்காரர்தான். “கேரியர் எங்கப்பா?”

“வெட்டிப்புட்டானுவ” என்றார் இவர், கோபம் தலைக்கேறி. “பொண்டாட்டி வர்ற எடத்தயே வெட்டிப்புட்டானுவ. இரு, வீடியோவுக்குக் கீழ எழுதிப் போடுறேன்.” ஒற்றை விரலால் போனில் தட்டவும் ஆரம்பித்துவிட்டார். தப்பித்துக்கொள்ள நல்ல வழிதான். ஆனால் அந்த மனிதர் என் பொய்க்காக ஊரோடு சண்டைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“யாரும் வெட்டலங்க. நாந்தான் சேத்து எழுதுனேன்” என்றேன்.

விரல் நின்றது. “வேற என்னெல்லாம் சேத்து எழுதுன?”

மாமியின் காய்ச்சல், கொல்லைச் சுவர், பையன் மாமரத்திலிருந்து விழுந்து கை உடைந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல விழிதியூர்க்காரர் சிரிக்க ஆரம்பித்தார். “அக்கா, இவரு எழுதுனது மட்டும் என்னவாம்? ஏசி ரூம்ல சூப்பர்வைசர்னு எழுதுனாருல்ல? வெயில்ல கம்பி தூக்கிட்டுக் கெடந்தோம்க்கா. வெள்ளிக்கெழம பிரியாணின்னு எழுதுவாரு. குப்பூஸ் ரொட்டியும் வெங்காயமுந்தான்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்து சொல்லி மாளாது. இத்தனை வருடக் கடிதங்களுக்குப் பின்னால் உண்மையில் நடந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். பட்டினச்சேரிக்காரருக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு இவர் மெதுவாகச் சொன்னார். “கோவமெல்லாம் இல்ல. ஆனா அந்தக் கடுதாசியப் படிச்சிட்டு, நீ ஒரு நாளு அங்க வந்து எறங்குவேன்னு ரொம்ப நாளு நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

நானும் விட்டுக்கொடுக்காமல், “விசா அனுப்பியிருந்தா வந்திருப்பேன்ல?” என்றேன்.

“அந்தப் பொண்ணுக்கு யாரு விசா அனுப்புனா?”

சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். துபாயில் போய் இறங்குவதற்கு அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். இந்த வயதில் எனக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட்.