தேங்காய் கேட்ட குதிரை

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் கதாநாயகியாக நடித்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது, மேல்வரிசையில் இரண்டு பல் கிடையாது. கதாநாயகனாக நடித்தவர் என் தாய்மாமா, அவருக்கு இருபத்து மூன்று. இந்த ஜோடிப் பொருத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் குடியிருந்தது மலாயாவில், மலாக்கா நகரத்துக் காஜா பேராங் பகுதி. அங்கே வயதுக்கு வந்த எந்தப் பெண்ணும் அந்தக் காலத்தில் மேடையேற மாட்டாள். அதிலும் மாமாவின் கோஷ்டியோடு என்றால் அவள் வீட்டார் அரிவாளைத் தேடுவார்கள்.

கோஷ்டி என்றால் வாத்தியக் கோஷ்டி. மொத்தம் நான்கு பேர். மாமா கித்தார் வாசிப்பார். அவருடைய உயிர்த்தோழர் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர் (கம்பம் என்றால் குடியிருப்பு), அக்கார்டியன் வாசிப்பார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய இந்தச் செட்டிகள் நம்மைப் போலவே கோவில், விபூதி, பொங்கல் என்று இருப்பவர்கள், பேசுவது மட்டும் மலாய். அதனால் அவரை நான் மலாயில் 'அபாங்' என்று அழைப்பேன், அண்ணன் என்று அர்த்தம். மூன்றாமவர் தேயிலைப் பெட்டியில் ஒரு கம்பை நட்டு, கயிறு கட்டி, 'தும் தும்' என்று இழுப்பார். நான்காமவர் மேளக்காரர். அம்மன் கோவில் தேருக்கு அடிக்கிறவர் அவர்தான். அவருக்குத் தெரிந்தது இரண்டே தாளம்: ஒன்று தேர்த் தாளம், மற்றொன்று அதையே வேகமாக அடிப்பது.

இவர்கள் சேர்ந்து வாசித்தால் எங்கள் தெருவில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்று பேச்சு. எண்ணெய் பூசி நெற்றியில் ஒரு சுருள் விட்ட முடி, தையற்காரரை மிரட்டித் தைத்த இறுக்கமான காற்சட்டை. உட்கார்ந்தால் தையல் விட்டுப்போகும். அதை ஊக்கால் குத்திக்கொண்டு திரிவார்கள். நாளடைவில் கிழியாத இடத்திலும் ஊக்குக் குத்திக்கொள்வது அவர்களுக்கு ஒரு நாகரிகமாகிவிட்டது. பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் நால்வரும் தேவர்கள்.

நாடு சுதந்திரம் வாங்கிய வாரம் அது. எங்கள் பக்கத்துத் திடலில் மேடை போட்டு, ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அப்பா விழாக் குழுவின் செயலாளர். நம்மவர்கள் சார்பில் புராண நாடகம் போடுவதாகத்தான் பேச்சு. ராஜா வேடக்காரருக்கு அம்மை வார்த்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்த அரை மணி நேரம் மாமா கைக்கு வந்தது.

மாமா கௌபாய் நாடகம் போட்டார்.

டவுனில் கொட்டகைக்கு வரும் ஒரு கௌபாய்ப் படத்தையும் அவர் விட்டதில்லை. ஆங்கில வசனம் பாதி புரியாததால், கதையை அவரே இட்டுக்கட்டிக்கொள்வார். அப்படி இட்டுக்கட்டியதுதான் நாடகமும். பாலைவனத்து ஊர். கொள்ளைக்காரன் ஷெரீப்பின் மகளைத் தூக்கிப்போய்த் தூணில் கட்டிவிடுகிறான். குதிரையில் வரும் வீரன் அவனைச் சுடுவதில்லை. கித்தார் வாசித்தே விரட்டுகிறான். கொள்ளைக்காரன் அபாங், ஷெரீப் தேயிலைப் பெட்டிக்காரர், மகள் நான். எனக்கு ஒரே வசனம்: "ஐயோ, என்னைக் காப்பாத்துங்க!"

ஒத்திகை தொடங்கிய அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா மாமாவைப் பார்க்காமலே பேசினார்.

"கேட்டுக்க. அன்னைக்கு மலாய்க்காரங்க, சீனவங்க, பெரிய ஆபிஸருங்க எல்லாம் முன்னால உக்காந்திருப்பாங்க. நீ எம்மானத்த வாங்குனா மறுநாளே ஜொகூர் தோட்டத்துக்குக் கிராணி வேலைக்குக் கெளம்பிரணும். சொல்லி வச்சிட்டேன். கித்தாரு அடுப்புக்குள்ள போயிரும்."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. மாமா சரி என்று தலையாட்டினார். அம்மா அப்பாவுக்கு ரசம் ஊற்றினாள். அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும், தாய் தகப்பனை இழந்த ஐந்து வயதுத் தம்பியும்தான். எனக்கு முன்னால் அவளுக்குப் பிள்ளை மாமாதான். அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு அவள் அகராதியில் இல்லை. அன்று சமையலறையில் பானை சட்டிகளை அவள் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவியதையே திரும்பவும் கழுவினாள். மாமா இல்லாத வீட்டில் நான் யாரோடு சிரிப்பேன்?

குதிரைதான் பெரிய பாடாகப் போயிற்று. மலாக்காவில் மாட்டுவண்டிக்குப் பஞ்சமில்லை, குதிரைக்கு எங்கே போவது? கடைசியில் வண்டிக்காரர் ஒருவர் தன் செவலைக் காளையைத் தர ஒப்புக்கொண்டார். அது எங்களுக்குப் பழக்கமான மாடுதான், ஆண்டுதோறும் அம்மன் தேரை இழுக்கிற மாடு. சாது. வெடி போட்டாலும் காதை அசைக்காது. ஆனால் அன்றாடம் வண்டி வேலை இருந்ததால் ஒத்திகைக்கு அனுப்ப முடியாதென்று சொல்லிவிட்டார். ஒத்திகையில் மாமா ஒரு பெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெஞ்சு சொன்னபடி கேட்டது.

விழா நாள் வந்தது. நல்ல வெயில் அடங்கிய சாயங்காலம். திடல் நிறையக் கூட்டம். வண்டிக்காரர் செவலையைக் குளிப்பாட்டி, கழுத்தில் சலங்கையும் மாலையும் போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து கட்டினார். வெளியே நாலு பேர் பார்க்கப் போகிற மாட்டை மொட்டையாக அனுப்ப அவருக்கு மனமில்லை. பிறகு இன்னொரு மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு டவுன் ஊர்வலத்துக்குப் போய்விட்டார். மாமா சலங்கையைக் கழற்ற நேரமில்லாமல், கோணியில் தைத்த குதிரைத் தலையை அதன் கொம்புகளில் மாட்டினார். குதிரைத் தலைக்குக் கீழிருந்து மாட்டு மூக்கு எட்டிப் பார்த்தது.

அம்மா ஒரு தட்டில் வெற்றிலை, பழம், கற்பூரம், தேங்காய் எல்லாம் எடுத்து வந்தாள். திரை விலகுமுன் பிள்ளையாருக்கு உடைக்கவேண்டும் என்றாள்.

"அக்கா, கௌபாய் நாடகத்துக்குத் தேங்கா ஒடப்பாங்களா? யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க லா!" என்றார் மாமா.

அம்மா தட்டோடு திரும்பிப் போய், பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாடகம் ஆரம்பித்தது. என்னைத் தூணில் கட்டினார்கள். கூட்டம் சும்மா பார்த்தது. ஷெரீப் சுடப்பட்டுத் தன் தேயிலைப் பெட்டியின்மேலேயே விழுந்தார்; பெட்டி நசுங்கியது. யாரும் சிரிக்கவில்லை, யாரோ இருமினார்கள். அப்பா ஆபிஸர்களுக்கு நடுவில் மூங்கில் போல விறைத்து உட்கார்ந்திருந்தார். நான் என் வசனத்தைச் சொன்னேன். பல்லில்லாததால் காற்றுத்தான் வந்தது.

மேளம் முழங்கியது. சலங்கை குலுங்க, சரிவுப் பலகையில் ஏறி, செவலை மேடைக்கு வந்தது. மேலே மாமா, தோளில் கித்தார், தலையில் பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கிய ஓலைத்தொப்பி. இப்போதுதான் கைதட்டல் கேட்டது. மேளம் நின்றது, செவலை நின்றது, மாமா வீர வசனம் பேசினார். அபாங் வசனத்தையும் மறந்து தானாகவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். இனி மேளம் அடித்தவுடன் குதிரை பாய்ந்து கொள்ளைக்காரனை விரட்ட வேண்டும்.

மேளம் அடித்தது. செவலை நகரவில்லை.

மாமா குதிகாலால் இடித்தார். கழுத்தைத் தடவினார். காதில் ஏதோ கெஞ்சினார். மேளக்காரர் வேகத் தாளத்துக்கு மாறினார். ஒன்றும் நடக்கவில்லை. கையைத் தூக்கித் தூக்கி வலித்துப்போன அபாங், "ஜாலான்லா, ஜாலான்!" என்று மலாயில் அதை நடக்கச் சொல்லிக் கெஞ்சியபடி, தன்னை விரட்ட வேண்டிய குதிரையைத் தானே கயிறு பிடித்து இழுத்தார். கூட்டத்தில் விசில் கிளம்பியது. "எறங்கு, எறங்கு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். கச்சான் கடலைத் தோல் பறந்து வந்தது. அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மாமாவை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், கண்கள் கலங்கியிருந்தன. அவ்வளவுதான், ஜொகூர்தான் என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் செவலையின் முகம் எனக்குத் தெரிந்தது. குதிரைத் தலை சரிந்து, குங்குமம் வைத்த நெற்றியோடு அது அமைதியாக எதையோ எதிர்பார்த்து நின்றது. அந்த நிற்பு எனக்குத் தெரியும். தேர் எங்கள் வாசலுக்கு வரும்; மேளம் நிற்கும்; மாடும் நிற்கும். அம்மா தட்டை ஏந்துவாள், அப்பா தேங்காய் உடைப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அது அடுத்த வீட்டுக்குப் போகும். சலங்கை, மாலை, தேர்த் தாளம், எதிரில் ஊர். பாவம், அது எங்கே நிற்கிறதென்று அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

"அம்மா! தேங்கா ஒடை! தேங்கா ஒடைச்சாத்தான் போவும்!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். அதற்குப் பல் தேவைப்படவில்லை.

அம்மா எழுந்தாள். அப்பா பக்கம் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சரிவுப் பலகையில் ஏறி, அத்தனை கூட்டத்துக்கும் முன்னால் வந்து நின்றாள். கற்பூரம் ஏற்றி, செவலைக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். பாலைவனத்து ஊரில் அம்மன் திருவிழா நடந்தது. விசில் நின்றது.

பிறகு தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் தட்டுத்தான் ஏந்துவார்கள், உடைப்பது ஆண்கள். ஆனால் மாமாவால் இறங்க முடியவில்லை, இறங்கினால் காற்சட்டையில் ஓர் ஊக்கும் தாங்காது. ஷெரீப் செத்துக் கிடந்தார். அபாங் கயிற்றை விட்டுவிட்டு மறுபடியும் கையைத் தூக்கிக்கொண்டார்.

திரை பறக்காமலிருக்க மேடை ஓரத்தில் ஒரு கருங்கல் வைத்திருந்தார்கள். அம்மா குனிந்து, ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது.

செவலை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு பாய்ந்தது. அபாங் உண்மையாகவே அலறிக்கொண்டு மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதித்து ஓடினார். மாமாவைச் சுமந்துகொண்டு அது பலகையில் இறங்கித் திடலைச் சுற்ற ஆரம்பித்தது. செத்த ஷெரீப் எழுந்து பின்னால் ஓடினார்.

"நிறுத்தாதடா! அடிச்சிக்கிட்டே வா! நிறுத்துனா இன்னொரு தேங்கா கேக்கும்!" என்று மாமா மேலிருந்து மேளக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

மேளக்காரர் நிறுத்தவில்லை. மாமா கித்தாரை இழுத்தார். அபாங் ஓடியபடியே மேடையோரத்தில் வைத்திருந்த அக்கார்டியனை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தக் காட்டுச் சத்தத்துக்கு முதலில் செட்டிப் பெண்கள் எழுந்து கைக்குட்டை வீசி ஆடினார்கள். பிறகு மலாய் இளைஞர்கள் சேர்ந்துகொண்டார்கள். சீனத் தவ்க்கே, அதாவது முதலாளி, ஒருவர் நாற்காலிமேல் ஏறிக் கைதட்டினார், பெரிய ஆபிஸர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரே செவலையின் பின்னால் போயிற்று. எட்டு வயதில் அதைவிடப் பெரிய வெற்றியை என்னால் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது. நான் மட்டும் தூணிலேயே கட்டுண்டு கிடந்தேன், என்னைக் காப்பாற்ற எல்லாருக்கும் மறந்துபோயிற்று. ஆனாலும் அந்தத் திடலிலேயே நன்றாகப் பார்க்க முடிந்த இடம் அதுதான். எனக்குக் குறையே இல்லை.

மூன்றாவது சுற்றில் அம்மாதான் வந்து என் கட்டை அவிழ்த்தாள். அவள் அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா மேடைக்கு வந்தார். உடைந்த தேங்காயைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில..." என்று தொடங்கினார்.

"தம்பி எங்கயும் போவல," என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. முடிச்சிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

அப்பா குனிந்து தேங்காயின் ஒரு மூடியை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு, "அடுத்த வாரம் ஆபிஸர் வீட்டு விருந்துல இவனுங்க வந்து வாசிக்கணுமாம். அதச் சொல்லத்தான் வந்தேன்," என்றார்.

அவர் முதலில் சொல்ல வந்தது அதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை.

இருட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பினோம். எப்போது எங்கே போனாலும் அப்பா நான்கடி முன்னால் போவார், அம்மாவும் நானும் பின்னால் போவோம். அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள், சிரித்துக்கொண்டே நடந்தாள். திரும்பிப் பார்த்தேன். அப்பா பின்னால் வந்துகொண்டிருந்தார். எங்களைத் தாண்டிப் போக இடம் இருந்தும் அவர் தாண்டவில்லை. விழாவுக்காக வாங்கிய புதுச் செருப்பு அவர் காலைக் கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.