கடைசியில் ஒரு 'லாம்'

தையல் கம்பெனியில் அவளுக்குப் பேர் கத்திரி. துணி வெட்டுவதால் வந்த பேரில்லை, வாயால் வந்தது. நாற்பது மெஷின் போட்ட வரிசைக்கு ஒரே ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டியவள் மட்டும்தான் கழிப்பறைக்குப் போக முடியும். அவள் திரும்பும்வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு காலர் தைக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமலே பழகி ரெண்டு பேருக்குச் சிறுநீரகம் கெட்ட அன்றைக்கு, கத்திரி அட்டையை நாலாக வெட்டி சூப்பர்வைசர் மேஜையில் வைத்தாள். வேலை போயிற்று. அரசியல் வந்தது.

அந்த ஊரிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரான முதல் பொம்பளை அவள்தான். அதற்குமுன் அந்தக் கட்டடத்துக்குள் போன ஊர்ப் பொம்பளைகள் பெருக்கத்தான் போனார்கள். கட்சிக்காரர்களுக்கு ஒரே பெருமை. மேடையில் முன்வரிசை, போஸ்டரில் பெரிய படம். அவள் பேச எழுந்தால் மட்டும் மைக் ரிப்பேர்.

அவளிடம் இருந்தது ஒரே மசோதா, அதிலும் ஒரே வரி: பெண் தொழிலாளி கேட்கும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போக அனுமதிக்க வேண்டும். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்க்கா" என்றே பதினோரு வருஷத்தை ஓட்டினார்கள்.

பன்னிரண்டாம் வருஷம் மசோதா சபைக்கு வந்தது. அச்சடித்த தாளைக் குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவினாள். விரல் கடைசி வார்த்தையில் நின்றுவிட்டது. 'அனுமதிக்கலாம்' என்றிருந்தது.

எதற்குக் கை தூக்க வேண்டுமென்று கட்சிக்காரர்களுக்கு உத்தரவு போடுகிற கொறடாவை நடைவழியில் பிடித்தாள்.

"என்ன தம்பி இது?"

"முதலாளிங்க சங்கடப்பட்டாங்கக்கா. சின்னத் திருத்தம். ரெண்டெழுத்து."

"இப்பவும் அனுமதிக்கலாம்தானே? யாரு கையைப் புடிச்சா? அனுமதிக்கிறதில்ல, அதானேப்பா பிரச்சினையே."

"எதிர்த்துக் கை தூக்கினா உங்க பதவி போயிரும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"பண்ணலாம். பண்ண மாட்டே."

ஆதரிப்பவர்கள் என்றதும் சபை முழுக்கக் கை. எதிர்ப்பவர்கள் என்றதும் ஒரே ஒரு கை, ஊசி ஏறிய தழும்போடு. எண்ணி முடிக்கும்வரை அது இறங்காதபடி இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

'கழிப்பறைச் சட்டத்தை எதிர்த்த ஒரே பெண்' என்று பேப்பரில் போட்டார்கள். பொய் என்று ஒரு எழுத்தைக்கூடக் காட்ட முடியாது.

பதவி போனபின், சாயங்காலம் கம்பெனி வாசலில் போய் நின்றாள். பழைய பக்கத்து மெஷின்காரி வெளியே வந்தாள்.

"அத்தனை ஆம்பளைங்களும் சரின்னாங்களாம், நீ ஒருத்தி வேணாம்னியாமே. மேல போனதும் உனக்குத் தனி கக்கூஸ் கெடச்சிருக்கும், இல்லடி?"

"அப்படியில்லடி. அந்தக் கடைசி வார்த்தை இருக்கு பாரு..."

பஸ் வந்துவிட்டது. எல்லோரும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவர்கள், வீட்டுக்குப் போகிற அவசரம். நின்று கேட்க ஒருத்தியாலும் முடியவில்லை.