நாற்பத்தொன்றாம் தாள்

கஸ்தூரிரங்கன் டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை எத்தனையோ வீடுகளுக்குப் போன் இணைப்பு அவர் கையால் போயிருக்கிறது. சிட்லபாக்கத்தில் அவருடைய சொந்த வீட்டுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டு ஒன்பது வருஷம் கழித்துத்தான் போன் வந்தது. முறை தாண்டி வாங்கிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் மனிதர் வாங்கவில்லை. வாங்காததை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “உங்களை மாதிரி யார் சார் இருக்கா இந்தக் காலத்துல” என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பாராட்டுதான் அவரைக் கெடுத்தது.

1985-இல் ரிடையர் ஆனார். காலையில் ஏரிக்கரையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடியும் நடை. கூட நடக்கிறவர்களுக்குப் பேச்சு ஒன்றுதான், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை. காலனியில் வீட்டுக்கு ஒருவன் நியூஜெர்ஸி, டொராண்டோ, சிங்கப்பூர், மஸ்கட் என்று போயிருந்தான். கஸ்தூரிரங்கனுக்குப் பிள்ளை கிடையாது. ஒரே பெண், சுந்தரவல்லி. வீட்டில் வல்லி. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஒரு காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

1987-இல் ஒரு நாள் வீட்டு மோட்டாரைப் பழுது பார்க்க அரிகிருஷ்ணன் வந்தான். திருநீர்மலைக்காரன். ஒரு ரப்பர் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை செய்தவன். தன் பையிலிருந்து தானே செய்த வாஷர் ஒன்றை எடுத்துப் போட்டான். மோட்டார் ஒழுகுவது நின்றது.

“கடையில விக்கிறது ஒரு வருஷம் தாங்காது சார். இது அஞ்சு வருஷத்துக்கு அசையாது. மெஷின் ஒண்ணு இருந்தா நானே கம்பெனி போட்டுடுவேன். பேங்க்ல கேட்டா வூட்டுப் பத்திரம் எடுத்துகினு வான்றான். பத்திரம் இருந்தா நான் இன்னாத்துக்கு சார் அவன்கிட்ட போய் நிக்கறேன்?”

இந்தக் கேள்விக்குக் கஸ்தூரிரங்கனிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வி அவருக்கு ஆகாது. அன்று மத்தியானம் தூங்காமல் உட்கார்ந்து காலனிப் பிள்ளைகள் ஏழு பேருக்கு ஏர் லெட்டர் எழுதினார். ‘இது கடன் இல்லை, தர்மமும் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள், தொழிலில் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள். போனால் எல்லோருக்கும் போகும். வந்தால் எல்லோருக்கும் வரும்.’ ஐந்து பேர் சரி என்றார்கள். மெஷின் வந்தது. மூன்று வருஷத்தில் அரிகிருஷ்ணனிடம் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள்.

அப்புறம் விஷயம் தானாகவே பரவியது. ஐந்து பேரும் தங்கள் சிநேகிதர்களிடம் சொன்னார்கள். சில வருஷங்களில் ஒன்பது தேசங்களில் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். குவைத்தில் இருந்த டாக்டரும் டொராண்டோவில் இருந்த கணக்கரும் அரிகிருஷ்ணனின் ரப்பரில் கூட்டாளிகள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இருவருக்கும் தெரிந்தது சிட்லபாக்கத்திலிருந்து வரும் கடிதம் மட்டும்தான்.

கடிதத்தோடு ஒரு தொழிலுக்கு ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண். ஆள் யார், என்ன செய்கிறான், கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னான், எல்லாம் அந்த ஒரே பக்கத்தில். டைப் அடிப்பது வல்லி. அடிப்பதோடு நிற்கவில்லை. உதவி கேட்டு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவளும் வந்து உட்காருவாள். “உங்களுக்குச் சாமான் கொடுக்கறவர் நாளைக்கே நிறுத்திட்டார்னா என்ன செய்வேள்?” என்று கேட்பாள். வந்தவர் முழிப்பார். கஸ்தூரிரங்கனுக்குத் தோன்றாத கேள்விகள் அவை. தாளில் தன் கேள்வியாகவே போட்டுக்கொள்வார். அவளும் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுப்பாள்.

ஒரு நாள் ஏரிக்கரையில் லக்ஷ்மிநாராயணன் என்கிற பக்கத்துத் தெருக்காரர் நாலு பேர் எதிரில் கேட்டார்: “ஏன் ஓய், இதுல உமக்கு எவ்வளவு தேறும்?”

விளையாட்டாகக் கேட்டதாகவே இருக்கலாம். கஸ்தூரிரங்கனுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து அடுத்த கடிதத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘என் குடும்பத்தாரோ உறவினரோ நடத்தும் எந்தத் தொழிலும் இதில் இடம்பெறாது.’ அந்த வரியையும் வல்லிதான் அடித்தாள்.

அவள் மனதுக்குள் அப்போதே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்றில் உப்பு, ஒன்றில் இரும்பு, ஒன்றில் என்னவென்றே தெரியாது. தண்ணீரைச் சோதிக்க வேண்டுமானால் பட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும். வீட்டிலேயே சோதிக்க ஒரு பெட்டி செய்தாள் வல்லி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே நாலு கண்ணாடிக் குழாய், மூன்று புட்டிகளில் கரைசல், ஒரு வண்ண அட்டை. சொட்டு விட்டால் தண்ணீர் நிறம் மாறும். அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குடிக்கலாமா கூடாதா என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். அட்டைக்கு அவளே வாட்டர் கலரில் வண்ணம் தீட்டியிருந்தாள். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியோடு தெருத் தெருவாகப் போய் நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளைச் சோதித்தாள். அந்த இரண்டு வருஷத்தில் வந்த வரன்களையெல்லாம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளினாள்.

1992 ஆவணியில் ஒரு தாளைக் கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

“அப்பா, இது நாற்பத்தொண்ணு.”

கஸ்தூரிரங்கன் படித்தார். இன்னொரு தரம் படித்தார். அதற்கு முந்திய நாற்பதில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. அது அவருக்குத் தெரிந்தது. தெரிந்துதான் மறுத்தார்.

“ரொம்ப நன்னா இருக்கும்மா. ஆனா இதை அனுப்ப முடியாது.”

“நன்னா இல்லேன்னு சொல்லுங்கோ, இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.”

“அதுக்கில்லே. நமக்குன்னு வரும்போது நாம ஒதுங்கி நிக்கணும். நாளைக்கு ஒருத்தர் நாக்குமேல பல்லைப் போட்டுப் பேசக்கூடாது பாரு.”

“வேண்டாம்னா அந்த நாற்பத்து மூணு பேர் சொல்லட்டுமே. நான் உங்க பொண்ணா வரலைப்பா. நாற்பத்தொண்ணா வந்திருக்கேன்.”

அவர் தாளை நான்காக மடித்து மேஜை டிராயரில் வைத்தார். அவள் அழவில்லை. இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் சம்பத் என்பவரின் ஸ்பிரிங் பட்டறைக்கு நாற்பத்தொன்று என்று எண் போட்டு அவளே டைப் அடித்துக் கொடுத்தாள். ஒரு பிழை இல்லை.

வல்லி பேங்குக்கும் போய்ப் பார்த்தாள். வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். வீடு அப்பா பேரில் இருந்தது. அவள் வாய் திறந்து கேட்கவில்லை. அவராகவும் எடுத்து நீட்டவில்லை. 1994-இல் பிலாய் உருக்காலையில் வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். போகுமுன் கண்ணாடிக் குழாய்களைக் காலேஜ் லேபுக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் தாள்களைக் கஸ்தூரிரங்கனே இரண்டு விரலால் தட்டித் தட்டி அடித்தார். கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘இந்த ஊரில் இப்படி ஆரம்பத்திலேயே கை கொடுக்கிறவர்களை ஏஞ்சல் என்கிறார்கள் சார்.’ கஸ்தூரிரங்கன் மனைவி செங்கமலத்துக்கு அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினார்.

“ஏஞ்சலா? ஆத்துல இருந்த ஒருத்திக்குக் கை கொடுக்கலை. ஊருக்கெல்லாம் ஏஞ்சல்!” என்று சொல்லிவிட்டுச் செங்கமலம் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

1997 ஜனவரியில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர்கள் பதினோரு பேர் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். அதில் சிங்கப்பூர் சுந்தரராமனும் இருந்தான். அடுத்த தெருவில் வளர்ந்தவன், முதல் ஏழு கடிதத்தில் ஒன்று அவனுக்குத்தான் போனது. தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“இதுல என்ன இருக்குன்னு வீட்டுலயே பார்க்க யாராவது ஒண்ணு செஞ்சா நல்லா இருக்கும் சார். உடனே பணம் போடுவேன். பத்து வருஷமா தாள் அனுப்பறீங்க, அப்படி ஒண்ணு வரவே இல்லையே?”

உள்ளே காபி கலந்துகொண்டிருந்த செங்கமலம் வெளியே வந்தாள். “வந்ததுப்பா. வல்லி செஞ்சா. இவர் எடுத்து உள்ளே வெச்சுட்டார்.”

குடும்பத்தார் தொழிலுக்கு இடமில்லை என்று தான் போட்ட விதியைக் கஸ்தூரிரங்கன் சொன்னார். சுந்தரராமன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான்.

“சார், அந்த வரியை நாங்க யாரும் ஒரு பொருட்டா நினைக்கவே இல்லை. பதினேழாம் நம்பர் என் அத்திம்பேரோட கம்பெனி. நீங்கதானே தாள் எழுதினீங்க? எனக்குன்னா சரி, வல்லிக்குன்னா தப்பா?”

எல்லோரும் போன பிறகு கஸ்தூரிரங்கன் டிராயரைத் திறந்தார். மடிப்பில் எழுத்து மங்கியிருந்தது. முழுவதையும் புதிதாக அடித்தார். முதல் வரியில் ‘இதைச் செய்தவள் என் மகள். ஐந்து வருஷம் முன்பே உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. நிறுத்தியவன் நான்’ என்று போட்டார். வல்லியிடம் முதலில் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. கேட்கப் பயம். எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம் என்று நினைத்தார்.

பதில்கள் வந்தன. பாதி பேக்ஸில், பாதி தபாலில். நாற்பத்து மூன்று பேர் ஆன பிறகு எந்தத் தாளுக்கும் பாதிப் பேருக்கு மேல் சரி சொன்னதில்லை. இதற்கு ஒரு மாதத்துக்குள் நாற்பத்து மூன்று பேரும் சரி என்றார்கள். கடைசிப் பதில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிலாய்க்குப் போன் போட்டார். செங்கமலம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“வல்லி, உன் தாளை அனுப்பிட்டேன். தண்ணிப் பெட்டித் தாள். நாற்பத்து மூணு பேரும் சரின்னுட்டா. நீ எப்போ வரே?”



“இப்போ எப்படிப்பா வரது? மாமியார் படுத்த படுக்கையா இருக்கார். குழந்தைக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகலை. நான் குழாயைத் தொட்டே எத்தனை வருஷம் ஆச்சு. மூணாவது புட்டியில என்ன எவ்வளவு கலந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. நோட்டெல்லாம் எடைக்குப் போட்டாச்சு.”

“மறுபடியும் முதல்லேர்ந்து பண்ணலாம்மா. ஆள் வெச்சுக்கலாம்.”

“பண்ணலாம்பா. வேற யாராவது பண்ணட்டும்.” கோபமே இல்லாத குரல். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பிறகு அவளே கேட்டாள்: “நான் உங்க பொண்ணுன்னு எழுதினேளா?”

“முதல் வரியிலேயே எழுதினேன்.”

“அப்படியும் சரின்னாளா?”

“ஆமாம்.”

“எல்லாருமா?”

“எல்லாரும்.”

அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். தாளை மடித்து உள்ளே வைத்த அன்று வராத அழுகை. விக்கலுக்கு நடுவில் வார்த்தை வந்தது.

“அப்போ, அப்பவே அனுப்பியிருக்கலாமேப்பா.”

கஸ்தூரிரங்கன் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார்.

“என்ன சொல்றா?” என்று செங்கமலம் அவர் தோளைத் தொட்டாள். “எப்போ வராளாம்?”