ரீச்சர் மேலே நிக்கிறா

தராசில் ஏறி நிற்கும் வல்லூற்றின் முன்னால் மகாதேவி அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். இடியப்பத்துக்கு மா நிறுக்கிற அதே சமையலறைத் தராசுதான். மேலே ஒரு மரக்கட்டையைப் பொருத்தியிருக்கிறார். எண் அசையாமல் நின்றதும் அதை வாய்விட்டுச் சொல்கிறார், என்னிடம் அல்ல, அடுத்த அறையைப் பார்த்து. முன்பு அங்கிருந்து "பறக்கலாம்" என்றோ "இண்டைக்கு வேண்டாம்" என்றோ பதில் வருமாம். எடை கூடினால் பறவைக்குப் பசியிராது, திரும்பி வராது. குறைந்தால் மேலே ஏறத் தெம்பிராது. இப்போது பதில் வருவதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அக்காவே தலையசைத்துக்கொள்கிறார்.

வல்லூற்றின் பெயர் ரீச்சர், என் வாயில் டீச்சர். வைத்தவர் அவருடைய கணவர் தங்கராசா. "கண்ணைப் பார், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் பார்க்கிற மாதிரி" என்பாராம். நாயின் பெயர் பிறேமா. விற்றவர் கொடுத்த சான்றிதழில் ஃபிரேயா என்றுதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே பிறேமா ஆகிவிட்டது. உறைபெட்டியில் பனங்கிழங்கு ஒடியல் மா பொட்டலத்துக்குப் பக்கத்தில் ரீச்சரின் உணவான கோழிக்குஞ்சுகள் உறைந்து கிடக்கின்றன. மகள் சுபானி விடுமுறைக்கு வந்தால் அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை.

ஹனோவரில் நான் படிக்கிற பல்கலைக்கழகத்தின் உணவகத்தில் அக்காவுக்குப் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை. நான் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டே தட்டை வைக்கப் போனபோது, "பிள்ளை, தமிழோ?" என்று ஒரு குரல் கேட்டது. இருமுறை கேட்டால்தான் புரிகிற அளவுக்கு மெல்லிய குரல். இயந்திரம் கீச்சிட்டால் அதற்கும் "பொறுங்கோ, வாறன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அவர் அதட்டி நான் கேட்டதில்லை.

அகதியாக வந்த தங்கராசாவுக்கு முதலில் கிடைத்தது நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் வேலை. பண்ணைக்காரர் வல்லூறு வளர்த்தார். கூண்டு கழுவப் போனவர் பறவையோடு திரும்பினார். இங்கே வேட்டைக்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுதினார்கள். "எனக்குப் புத்தகம் ஓடும், அவருக்கு விசில் ஓடும்" என்கிறார் அக்கா. அப்படியே வேலையும் பிரிந்தது. பறவை அக்காவுடையது, நாய் அவருடையது.

வாத்து வேட்டையில் இந்தப் பிரிவினை முக்கியம். வல்லூறு கையிலிருந்து கிளம்பி, வட்டமிட்டு ஏறி, குளத்துக்கு நேர் மேலே ஒரு புள்ளியாக நின்று காத்திருக்கும். அது மேலே நிற்கும்வரை வாத்துகள் தண்ணீரைவிட்டு எழாது. நாய் நீந்திப்போய் அவற்றைக் கிளப்ப வேண்டும். எழுந்த நொடியில் மேலே நிற்பது கல்லாக விழும். நாய் இறங்காவிட்டால் வல்லூறு சும்மா சுற்றிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"மேல நிக்கிற ஆளை ஏமாத்தக் கூடாது, பிள்ளை. ஒருக்கா, ரெண்டு தரம் பொறுப்பா. பிறகு எங்களை நம்ப மாட்டா. தன்ர பாட்டில போயிடுவா."

இந்தப் பருவத்தில் ரீச்சர் இரண்டு தரம் ஏமாந்துவிட்டது. பிறேமா இறங்கவில்லை.

போன பருவத்தில் தங்கராசாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, நிற்க முடியாமல் போயிற்று. அக்கா கார் ஓட்டப் பழகினார். குளத்தைப் பார்க்க நிறுத்தி, பக்கத்து இருக்கையின் கண்ணாடியை இறக்கிவிடுவார். தங்கராசா அங்கே உட்கார்ந்தபடியே விசில் அடிப்பார். ஊதல் எதுவும் இல்லை, முன்பல் இடைவெளியால் வருகிற சத்தம். பிறேமா அதற்கு இறங்கும். சித்திரையில் அவர் இறந்தார். மருத்துவமனையில் நடந்ததை நாய் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கடைசியாக விசில் வந்த இடம் அந்தக் கார்க் கதவு என்பதுதான். குளத்தங்கரையில் இறக்கிவிட்டால் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறது.

சுபானியின் போனில் பழைய வீடியோ ஒன்றில் அந்த விசில் இருந்தது. ஐப்பசியில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். பிறேமா காருக்கு ஓடிப்போய்க் கதவைப் பிறாண்டியது. கதவில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. "அதை இனிப் போட மாட்டன்" என்கிறார் அக்கா.

பக்கத்து ஊரில் வல்லூறு வைத்திருக்கும் ஊவே வேறொன்று சொன்னார். கதவைத் திறந்து காட்டுங்கள், ஆள் இல்லை என்று நாய் தெரிந்துகொள்ளட்டும், பிறகு உங்கள் சொல்லைக் கேட்கும். அக்கா ஏலாது என்றுவிட்டார். அந்த இருக்கையில் தங்கராசாவின் பச்சை மேலங்கி கிடக்கிறது. ஏழெட்டு மாதமாக அந்தக் கதவு திறக்கப்படவில்லை. கடைச்சாமான்கூடப் பின்பக்கம்தான் ஏறும். நானும் நாயோடு பின்னால்தான் உட்காருவேன். மூன்றாவது தரமும் ஏமாந்தால் ரீச்சரை ஊவேயிடம் கொடுத்துவிடுவது என்று பேச்சு. ஊவே கூண்டைக் கழுவி வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வயல் ஓரங்களில் சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட் கிழங்கு மலையாகக் குவிந்திருந்தது. வரும் வழியில் அப்பா கூப்பிட்டார். விருதுநகரில் சுமை ஆட்டோ ஓட்டுகிறவர். "வாத்து புடிக்கவா அவ்வளவு தூரம் போன?" என்றார். சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். நான் காண்கிற துக்கம் அக்காவிடம் இருக்கிறதா, இதையெல்லாம் எழுதிவைக்கிற என் கண்ணில் இருக்கிறதா என்று தெரியவில்லை. அக்கா வழியெல்லாம் உணவகத்து உருளைக்கிழங்கு சூப்பில் உப்பில்லாததைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

கண்ணை மூடியிருந்த தோல் தொப்பியைக் கழற்றியதும் ரீச்சர் உலகத்தை ஒருமுறை கண்டித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. ஏறி ஏறி, குளத்துக்கு மேலே புள்ளியானது. வாத்துகள் நாணலோரம் ஒட்டிக்கொண்டன.

"பிறேமா, இறங்கு."

நாய் கரைவரை வந்தது. பாதம் நனைந்தது. திரும்பிக் காரைப் பார்த்தது. பிறகு ஓடிப்போய்க் கதவின் முன்னால் உட்கார்ந்தது.

அக்கா இன்னொரு முறை கூப்பிட்டார். மேலே புள்ளி நகரத் தொடங்கியது. தூரத்துக் காற்றாலைகளின் பக்கம் சாய்ந்தது. அக்கா அண்ணாந்து பார்த்தார். பிறகு காலணியைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் நடந்தார். கார்த்திகை மாதக் குளம். முழங்கால், இடுப்பு என்று நனைந்து, குளிரில் ஒருகணம் நின்று, கையுறை போட்ட கையால் தண்ணீரை அறைந்தார்.

"எழும்புங்கோ! எழும்பிப் போங்கோ! ரீச்சர் மேல நிக்கிறா!"

அவ்வளவு பெரிய குரல் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. வாத்துகளுக்கும் தெரிந்திருக்காது. நாலைந்து ஒன்றாகக் கிளம்பின. புள்ளி திரும்பியது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கிழங்கு வயலில் ஒரு வாத்து விழ, அதன் மேல் ரீச்சர் சிறகைக் குடையாக விரித்து நின்றது.

அக்கா நடுங்கிக்கொண்டே போய் மண்டியிட்டு, கையிலிருந்து இறைச்சி கொடுத்து, அது தின்று முடியும்வரை இருந்தார். பிறகு கரையோர மரத்தில் ஒரு குச்சி ஒடித்து, இந்த நாட்டு வேட்டைக்காரர் வழக்கப்படி வாத்தின் அலகில் கொஞ்சம் வைத்தார். மிச்சக் குச்சியை, வேட்டையாடியவரின் தொப்பியில் இன்னொருவர் செருக வேண்டும். இவ்வளவு காலமும் அதைச் செய்தவர் தங்கராசா. அக்கா மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, அப்ப ரீச்சரை ஊவேக்குக் குடுக்க வேண்டாம்தானே?" என்றேன்.

"ஒவ்வொரு கிழமையும் நான் குதிக்க ஏலுமே, பிள்ளை? நியுமோனியா வந்திடும்." சிரித்தார். பல் கிட்டியது. "நாய்தான் இறங்க வேணும்."

ரீச்சரைப் பெட்டிக்குள் விட்டு மூடினார். பிறேமா அப்போதும் கதவைவிட்டு அசையவில்லை. அக்கா அதன் பக்கத்தில் போய் நின்றார். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறாண்டல் கோடுகளின் மேல் கையை வைத்தார், எடுத்தார். பிறகு கைப்பிடியை இழுத்தார். கதவு உடனே வரவில்லை. இரண்டாவது இழுப்பில் திறந்தது.

நாய் உள்ளே தலையை விட்டு மேலங்கியை மோந்தது. இருக்கையின் அடியை மோந்தது. முன்னங்காலைத் தூக்கி வைத்து அந்தப் பக்கத்தையும் பார்த்தது. அக்கா முகத்தை வயலின் பக்கம் திருப்பிக்கொண்டு, அது தானாகக் காலை இறக்கும்வரை, கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.