கூட்டத்துக்குள் ஒரு நீலம்

மூன்று அறை வீடு, எட்டுப் பேர். வானியல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை பார்க்கும் மூத்த மருமகள், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கணினியைத் திறந்தால் போதும், யாருக்காவது சட்டைப் பொத்தான் காணாமல் போயிருக்கும். கல்யாணத்துக்கு முன் ஒற்றை அறையில் இருந்தபோது வருடத்துக்கு இரண்டு ஆய்வுக் கட்டுரை எழுதியவள். இங்கே வந்தபின் எழுதியது மளிகைச் சீட்டுதான். எல்லாரும் நல்லவர்கள், அதுதான் வம்பு. கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

விண்மீன் திரள்கள் எப்படிப் பாழாகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. தனியாகத் திரியும் திரள், தன் வாயுவைக் கொண்டு புது நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டே நீலமாக ஜொலிக்கும். ஆயிரம் திரள்கள் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்குள் அது விழுந்தால், போகிற போக்கிலேயே வாயு உரிந்துபோய்விடும். யாரும் பிடுங்க வேண்டியதில்லை. பிறகு மிச்சமிருக்கும் கிழட்டு நட்சத்திரங்களோடு சிவந்துபோய்க் காலம் தள்ளும்.

ஆனால் கூட்டத்தின் நட்டநடுவே ஒரு நீலத் திரளைப் படத்தில் கண்டுபிடித்திருந்தாள். படத்தில் தூரம் தெரியாது. அளந்து, அது கூட்டத்துக்குள்தான் இருக்கிறது என்று உறுதியானால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி. வேலைக்காக மட்டுமா தலைகீழாக நின்றாள்? ஒன்றாவது தப்பித்திருக்கிறதே என்ற நப்பாசை.

"உங்க நீலக்குட்டி எப்படி இருக்கா அண்ணி?" என்பாள் நாத்தனார்.

"உன்னை மாதிரிதான். யார் சொன்னாலும் கேக்க மாட்டா."

மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஆய்வுக்கூடப் பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அளந்துட்டாங்கம்மா. அது கூட்டத்துக்குள்ளயே இல்ல. ரொம்ப முன்னாடி நிக்குது. நம்ம பார்வைக்குத்தான் நடுவுல இருக்கிற மாதிரி தெரிஞ்சிருக்கு."

"அதைச் சுத்தி யாருமே இல்லையா சார்?"

"யாருமே இல்ல. தனியா இருக்கு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போயிற்று என்பது ஒரு பக்கம். அந்தத் திரளின் மேல் வந்த பொறாமை இன்னொரு பக்கம். உள்ளே விழுந்தது எதுவும் தப்பவில்லை.

மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மூஞ்சி வாடிக் கிடக்கு?"

"வேலை இந்த மாசத்தோட முடியுது அத்தை."

பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார் மாமியார். அவள் தலையை வாஞ்சையாக வருடினார்.

"போனா போகுது, விடும்மா. சுத்தி நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல?"