ஏழு கிலோ

என் சமையலறை மேசையில் ஒரு தொங்கு தராசு கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கீழே ஒரு கொக்கி, மேலே எண்கள் தெரியும் சின்னக் கண்ணாடி. ரொறன்ரோவில் ஊருக்குப் போய்வரும் தமிழ் வீடுகளில் இது இல்லாத வீடு குறைவு. அனுமதித்த இருபத்துமூன்று கிலோவில் நூறு கிராமைக்கூட விமானக்காரனுக்கு விட்டுக்கொடுக்காமல் பெட்டியை நிரப்புவதற்குத்தான் எல்லோரும் இதை வாங்குகிறோம். என் சிநேகிதி ஒருத்திதான் பாரத்தைக் குறைப்பதற்காக வாங்கியவள். மேசையில் கிடப்பது அவளுடைய தராசு.

மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் ஒரு சமையல்கூடத்தில் நாங்கள் ஏழு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவள் மன்னாரில் பிறந்தவள், நான் யாழ்ப்பாணம். ஒருநாள் கொழும்பு வழியாகப் போகும் பயணிகளுக்குப் பழத்துண்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் தீவில் நாங்கள் இருவரும் என்னென்ன பார்த்திருக்கிறோம் என்று அவள் எண்ணத் தொடங்கினாள். சொந்த ஊர், இடம்பெயர்ந்த ஊர், கொழும்பில் ஒரு லொட்ஜ், விமான நிலையம். எனக்கும் அதே கணக்குத்தான். “வெள்ளைக்காரர் முதுகிலை பையைக் கொழுவிக்கொண்டு அந்தத் தீவைச் சுத்தினம். அங்கை பிறந்த நாங்கள் சாமத்தியவீட்டுக்குப் போறம், செத்தவீட்டுக்குப் போறம், திரும்பி வாறம். ஒருக்கா சும்மா போவமே?” என்றாள். நிபந்தனை மூன்று. ஆளுக்கு ஒரு பை, ஏழு கிலோ. உறவுக்காரர் எவருக்கும் சொல்லக்கூடாது. ஒருவருடைய பார்சலும் வாங்கக்கூடாது. பார்சல் வாங்கினால் பயணம் தபால்காரன் வேலையாகிவிடும் என்பது அவளுடைய வாதம். நான் மூன்றுக்கும் தலையாட்டினேன்.

தலையாட்டுவதில் எனக்கு நிகர் எவரும் இல்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, ரூஜ் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை கதவைத் தட்டினார். எப்படித்தான் மணம் பிடித்தாரோ தெரியாது. “சின்னப் பார்சல் தங்கச்சி” என்றார். சின்னப் பார்சல் என்ற ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. சவர்க்காரம், சொக்லேற், வலி எண்ணெய், அவற்றுக்கு நடுவில் ஒரு சிறிய பெட்டி. அதற்குள் காதுக்கருவி. திருகோணமலையில் இருக்கும் அவருடைய அம்மாவுக்குக் காது கேட்காமல் போய் இரண்டு வருடம். அங்கே எடுத்த பரிசோதனைத் தாளின் படத்தைக் காட்டி, அதற்கேற்ப இங்கே செய்வித்த கருவி. அண்ணை பிறம்ரன் களஞ்சியம் ஒன்றில் மாதக்கணக்காகச் சனி, ஞாயிறும் நின்று உழைத்து வாங்கியது. “போன் எடுத்தால் அம்மா ‘சாப்பிட்டியோ’ எண்டு கேப்பா. நான் சொல்லுறது ஒண்டும் விளங்காது. வைச்சிடுவா” என்றார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சிநேகிதி என் பையை நிறுத்தபோது அது ஆறு கிலோ தொள்ளாயிரம். பார்சல் முழுவதும் என் குளிர்கோட்டின் பைகளுக்குள் இருந்தது. விமான நிலையத்தில் பாரம் பிடிபடாமலிருக்க நம்மவர்கள் செய்கிற அதே வித்தையை நான் என் சிநேகிதிக்கே செய்தேன். பிறகு விமான நிலையக் கழிவறைக்குள் போய் எல்லாவற்றையும் பையின் அடியில் திணித்து, கோட்டைச் சுருட்டி மேலே கட்டினேன். நீர்கொழும்பில் பையைத் தூக்கிப் பார்த்தவள் புருவத்தை உயர்த்தினாள். “கோட்டுப் பாரமடி” என்றேன். அவள் நம்பினாள். அதுதான் என்னை முதல் நாளிலிருந்தே தின்றது.

ஐந்து நாள் கடலோரமாகப் பஸ்ஸில் போனோம். இரண்டு கட்டிலும் ஒரு மின்விசிறியும் உள்ள அறைகள், வழியில் பாணும் பருப்பும். அவள் தன் பையை எப்போதும் மடியில் வைத்திருந்தாள். என்னுடையது மடிக்கு அடங்காத பாரம். கதிர்காமம் போகும் பஸ்ஸில் கொண்டக்ரர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் சாரதிக்குப் பக்கத்தில் வைத்தார். மெலிந்த மனிதர். கதிர்காமத்தைச் சிங்களத்தில் ‘கதரகம’ என்று கூவிக் கூவித் தொண்டை போய், குரல் தகரத்தில் ஆணி கிழிப்பதுபோல் இருந்தது. தங்காலையில் சனநெரிசலுக்குள் பின்கதவால் இறங்கினோம். பஸ் புறப்பட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் என் முதுகு வெறுமையாக இருப்பது எனக்குத் தெரிந்தது.

அந்த பஸ் நிலையத்தில், வெயிலில், நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். காதுக்கருவி, கோட்டு, கழிவறை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். “முதலே சொல்லியிருந்தால் என்ரை பைக்குள்ளை வைச்சிருப்பனே, விசரி” என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸின் நெற்றியில் சிங்களத்தில் எழுதியிருந்ததை எங்கள் இருவராலும் வாசிக்க முடியாது. இலக்கத்தைப் பார்க்கவில்லை. நேரம் குறிப்பவரின் சின்ன அறைக்குள் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். காக்கியைக் கண்டால் இன்றைக்கும் என் கால் தானாகப் பின்னுக்குப் போகும். அவளும் என்னைப்போல் அதே சோதனைச்சாவடிகளில் வளர்ந்தவள்தான். ஆனால் அவள் நேரே நடந்து போனாள். சிங்களத்தில் அவளுக்குத் தெரிந்தவை தண்ணீர், எவ்வளவு, நன்றி. யன்னலுக்கு முன்னால் நின்று, கையால் ஒரு பையை வரைந்து காட்டி, கழுத்து நரம்பு புடைக்க, அந்தக் கொண்டக்ரரின் கிழிந்த குரலிலேயே “கதரகம, கதரகம, கதரகம!” என்று கூவினாள்.

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு மேசையில் கைவைத்துச் சிரித்தார். ஆள் யாரென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தொலைபேசியை எடுத்தார். எங்களுக்கு உட்கார வாங்கு ஒன்றைக் காட்டி, பிளேன்ரீ வரவழைத்தார். போய்வருகிறவர்கள் அவளிடம் இன்னொருமுறை கூவிக்காட்டச் சொன்னார்கள், அவளும் சளைக்காமல் கூவினாள். அன்று நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் என்னோடு தட்டு அடுக்கியவளுக்குள் இப்படியொரு துணிவு இருந்ததை எண்ணி எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பின்னேரம் பஸ் திரும்பி வந்தது. கொண்டக்ரர் என் பையைத் தன் இருக்கையோடு சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். காசு நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சிநேகிதி தன் பையிலிருந்து இருமல் மிட்டாய்ப் பைக்கற்றை எடுத்து அவருடைய சட்டைப்பையில் வைத்தாள். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திருகோணமலைக்கு நாங்கள் போய்ச் சேர இன்னும் ஒரு கிழமை ஆனது. அதுவரை அந்தச் சின்னப் பெட்டி அவளுடைய மடியில்தான் பயணம் செய்தது. அந்த அம்மாவின் காதில் கருவியை மாட்டிவிட்டு அண்ணைக்குப் போன் எடுத்தோம். இங்கே விடியும் நேரம், அவர் வேலைக்குப் போகும் வழியில் காரை ஓரங்கட்டியிருந்தார். இரண்டு வருடப் பழக்கத்தில் “அம்மா! கேக்குதோ அம்மா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். அம்மா முகத்தைச் சுளித்தா. “ஏன் தம்பி கத்துறாய்? மெதுவாக் கதை” என்றா. “சாப்பிட்டன் அம்மா” என்றார் அண்ணை, மெதுவாக. அறைக்கு வந்ததும் சிநேகிதி தராசை எடுத்தாள். “சட்டத்தை மாத்துவம். ஆறு கிலோ எங்களுக்கு. ஒரு கிலோ ஆருக்காவது” என்றாள். பிழை செய்தது நான், விதியை மாற்றியது அவள். அப்படி மாற்றக்கூடிய ஆட்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

இப்போது அவளுக்கு இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை. படி ஏறுவதே பெரும்பாடு. அடுத்த கிழமை நான் தனியாகப் போகிறேன். நேற்று அவள் மகளின் காரில் வந்து, என் சமையலறைக் கதிரையில் சாய்ந்திருந்து, தராசில் என் பையைத் தொங்கவிடச் சொன்னாள். சரியாக ஆறு. பிறகு தன் கைப்பையிலிருந்து கனமான ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். முழுக்க இருமல் மிட்டாய். இத்தனை வருடத்தில் அவள் ஒருவரிடமும் பார்சல் கொடுத்துவிட்டதை நான் கண்டதில்லை.

“ஆளின்ரை பேர் தெரியாது, விலாசம் தெரியாது. எப்பிடியடி நான் கண்டுபிடிக்கிறது?” என்றேன்.

“தங்காலையிலை இறங்கு. அந்த ரூமுக்கு முன்னாலை நிண்டு கூப்பிடு.”

“நானோ?”

“வேறை ஆர்? எங்கை, கூப்பிடு பாப்பம்.”

சிரித்துப் பார்த்தேன், விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு “கதரகம” என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. “காணாது” என்றாள். இன்னொருமுறை கூவினேன். மூன்றாவது முறை வேலிக்கு அப்பால் பனி தள்ளிக்கொண்டிருந்த அண்ணை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையாட்டிவிட்டு, மிட்டாய்ப் பொட்டலத்தைத் தன் கையாலேயே பைக்குள் வைத்து, கொக்கியில் மாட்டச் சொன்னாள். தராசு ஏழில் நின்றது.